மாற்றிக் கட்டிய எம்.ஜி.யா, ஓடாத அசலா, மெட்ராஸ் ஹெரால்டா?

கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிவப்பு எம்.ஜி.பி. ஜி.டி., இங்கிலாந்தின் எம்.ஜி. கம்பெனி செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், விற்பனைக்கு வந்திருக்கிறது. 1969 மாடல். நீண்ட பானெட், இரண்டு கதவு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை. பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா காரிலிருந்து கழற்றிய இசுசு 1.8 எஞ்சின். கூடவே ஐந்து கியர் பாக்ஸ், ஏ.சி., அலாய் சக்கரம், பக்கெட் சீட். நெல்லியாம்பதி எஸ்டேட் துரை ஒருவர் வைத்திருந்த வண்டி என்று விற்பவர் சொல்கிறார். அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. ஆகவே அந்தக் கதைக்குத் தனியாக விலை தர வேண்டியதில்லை.

வாங்க ஆசைப்படுபவர் எங்கள் மாப்பிள்ளை, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரர். அவர் முன்னால் வேறு இரண்டு வண்டிகளும் இருக்கின்றன. ஒன்று, திருச்சூர் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல வருடமாக ஓடாமல் நிற்கும் இதே எம்.ஜி.பி. ஜி.டி.; யாரும் கை வைக்காத அசல். இன்னொன்று பொள்ளாச்சியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும், மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றில் ஹெரால்டுதான் மலிவு. இரண்டு எம்.ஜி.க்கும் கேட்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். குழப்பமே அதனால்தான்.

"ஓடற வண்டியை விட்டுட்டு ஓடாத வண்டிக்கு அதே காசைக் குடுக்கச் சொல்றீங்களா மாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

எம்.ஜி.பி. 1962-இல் திறந்த கூரை வண்டியாக வந்தது. 1965-இல் இத்தாலியின் பினின்ஃபரினா கூரை வடிவமைத்துக் கொடுக்க, ஜி.டி. என்ற கூபே, அதாவது கூரை மூடிய இரண்டு கதவு வண்டி, பிறந்தது. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை இரண்டு வகையும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அபூர்வமான வண்டி அல்ல. நம் ஊரில் மட்டும்தான் அபூர்வம். எஞ்சின் 1798 சி.சி., இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். எம்.ஜி.யின் தாய்க் கம்பெனியான பி.எம்.சி.யின் 'பி' வரிசை எஞ்சின் அது. நம் அம்பாசிடரில் நாற்பது வருடம் கேட்டுப் பழகிய அந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே வரிசைதான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்கூட இரண்டிலும் ஒன்றே, 88.9 மில்லிமீட்டர். சிலிண்டர் அகலம்தான் வேறு. அம்பாசிடரின் கிராங்க் மூன்று பேரிங்கில் சுற்றும், ஜி.டி.யின் கிராங்க் ஐந்தில் சுற்றும். ஆகவே எல்லாப் பாகத்தையும் மாற்றிப் போட முடியாது. ஆனால் டாப்பெட் சரிசெய்வது, வால்வு தேய்ப்பது, ஹெட் கேஸ்கட் மாற்றுவது எல்லாம் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் உள்ள எந்தப் பழைய அம்பாசிடர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை.

அப்படியிருந்தும் ஏன் எஞ்சினை மாற்றினார்கள்? காரணம் தெரிந்ததுதான். இசுசு எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும், ஐந்தாவது கியர் உண்டு, ஏ.சி. இழுக்கும், எங்கே கெட்டாலும் கான்டெஸா சாமான் கிடைக்கும். மாற்றிய காலத்தில் இது நல்ல கணக்கு. இன்றைக்கு அந்தக் கணக்கு தலைகீழ். கான்டெஸா 2002-இல் நின்றுபோனது, அம்பாசிடர் 2014-இல். இசுசு 1.8-க்கு கோயம்புத்தூர் உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடி எடுப்பதுதான் இனி வழி. எம்.ஜி.க்கோ இங்கிலாந்தில் இன்னும் புதுச் சாமான் செய்து விற்கிறார்கள். 1988-லிருந்து முழு பாடியே புதிதாக அச்சடித்துத் தருகிறார்கள். கஸ்டம்ஸ் வரி வலிக்கும், கப்பலில் வரக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் சாமான் உண்டு. "நவீன" எஞ்சின்தான் அனாதையாகிவிட்டது.

மாற்றம் என்றாலே பாவம் என்று பேசும் ஆட்களோடு எனக்கு உடன்பாடில்லை. கென் காஸ்டெல்லோ என்பவர் எம்.ஜி.பி.யில் ரோவரின் அலுமினிய வி8 எஞ்சினைப் பொருத்தி விற்றார். அதைப் பார்த்த எம்.ஜி. தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை 3528 சி.சி. வி8 ஜி.டி.யைச் செய்தது. அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினின் எடை பழைய இரும்பு நாலு சிலிண்டரின் எடையை ஒட்டியே இருந்ததால் முன்பக்கம் கனக்கவில்லை. யோசித்துச் செய்த மாற்றம் அது. ஆக, மாற்றிய வண்டியைப் பார்க்கப் போனால் என் கண் தேடுவது ஒன்றைத்தான்: இதிலிருந்து அசலுக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறதா? போல்ட் போட்டது எதுவானாலும் கழற்றலாம். கட்டிங் மெஷின் வைத்து வெட்டியதற்கு அந்த வசதி இல்லை.

இந்தச் சிவப்பு வண்டியை அந்தக் கண்ணோடு பார்த்தோம். பிரேக்குக்கு வேக்யூம் பூஸ்டர் வைத்திருக்கிறார்கள், எம்.ஜி.யே பிற்பாடு அதைச் சேர்த்தது, இருக்கட்டும். சீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு ஒரே 12 வோல்ட் பேட்டரி. இதையும் தொழிற்சாலை பிறகு செய்தது. எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேனும் அப்படியே. முன்பக்கத்து லீவர் வகை ஷாக் அப்சார்பரை மாற்றி இந்தக் காலத்து நீளக் குழாய் வகை போட்டிருக்கிறார்கள். ஓட்டம் நன்றாகத்தான் ஆகியிருக்கும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அலாய் சக்கரத்துக்காக மட்கார்டு விளிம்பை வெட்டவோ மடக்கவோ இல்லை. நல்லவேளை.

எஞ்சினைத் தாங்கும் இடத்தில் புது பிராக்கெட் வெல்டிங் செய்திருக்கிறார்கள், ஆனால் பழைய எஞ்சின் மவுன்டிங்கை அப்படியே விட்டிருக்கிறார்கள். இந்த ஒன்றைப் பார்த்ததும் வேலை செய்த ஆள் மேல் மரியாதை வந்தது. கியர் லீவர் வெளியே வரும் ஓட்டையை இரண்டு விரல் அகலம் பின்னால் நீட்டியிருக்கிறார்கள். ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம். வயிறு எரிந்தது டாஷ்போர்டைப் பார்த்துத்தான். இங்கிலாந்துச் சந்தைக்கென்று செய்த எம்.ஜி.பி.க்களின் டாஷ்போர்டு இரும்பு. மேலே கருப்பில் சொரசொரப்பான பெயின்ட். அதில் ஏ.சி. காற்று வரவும் பாட்டுப் பெட்டி வைக்கவும் சதுரம் சதுரமாக வெட்டிவிட்டார்கள். பழைய சீட்டுகளும் இல்லை. இவை இரண்டையும் வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சினைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. இந்த வண்டிக்குத் தனிச் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டிபோல் ஓடும் சில் என்ற பகுதி மூன்று அடுக்குத் தகடால் ஆனது. வண்டியின் பலம் அதில்தான். வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டிப் பெயின்ட் அடித்துவிட்டால், உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும், வெளியே பளபளக்கும். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கதவைத் திறந்து மூட வேண்டும். தூக்குமுன் சுலபமாக மூடியது தூக்கிய பிறகு இடித்தால், உள்ளே எலும்பு இளகிவிட்டது என்று பொருள். துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கையில் கொண்டுபோனால் எங்கே இரும்பு, எங்கே பட்டி என்று அதுவே சொல்லிவிடும். முன் மட்கார்டின் கீழ்முனை, கால் வைக்கும் தரைத்தகடு, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், இவையும் பார்க்க வேண்டியவை.

இங்கே ஊர் நமக்கு உதவுகிறது. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் கேரளத்தில் இருந்தாலும் மழை குறைவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் அதிகம். மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றுத் தண்ணீரில் குளிக்கும்போது இவர்கள் போர்வெல்லுக்கு ஆழம் அளந்துகொண்டிருப்பார்கள். விவசாயிக்குக் கஷ்டம், இரும்புக்கு யோகம். சிவப்பு வண்டியின் சில்லில் காந்தம் நன்றாகவே ஒட்டியது, ஜாக்கி சோதனையில் கதவும் இடிக்கவில்லை.

திருச்சூர் அசலை இந்த இடத்தில்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. அது எனக்குப் பெரிய பயமில்லை, ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் எழுந்துவிடும். டாஷ்போர்டு, சீட், ஸ்டீயரிங், கருவிப்பெட்டி வரை எல்லாம் இருக்கிறது. ஆனால் பல தென்மேற்குப் பருவமழையை ஓலைக் கொட்டகையில் பார்த்த வண்டி. தரைத்தகட்டில் ஸ்குருடிரைவர் வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. சில் இரண்டு பக்கமும் புதிதாகச் செய்ய வேண்டும். அதை அளவு பிசகாமல் செய்யத் தெரிந்த டிங்கரிங் ஆள் கோயம்புத்தூரில் கிடைப்பார், ஆனால் அவர் சொல்லும் நாளும் தொகையும் ஒருபோதும் அதோடு நிற்காது. பாதியில் பணம் தீர்ந்து பார்ட் பார்ட்டாகக் கிடக்கும் வண்டிகள் எத்தனையோ. மாப்பிள்ளைக்குப் பொறுமை குறைவு என்பதையும் கணக்கில் சேர்த்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

இனி காகிதம். மூன்று வண்டியையும் பிரித்துக் காட்டுவது கடைசியில் இதுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டமாகச் சொன்னது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். எஞ்சினை மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வேறு கம்பெனி எஞ்சினுக்கு ஒப்புதல் வாங்குவது லேசான காரியமல்ல. நம் சிவப்பு வண்டி அந்தப் பக்கமே போகவில்லை. ஆர்.சி.யில் இன்னும் பழைய எம்.ஜி. எஞ்சின் எண்தான் இருக்கிறது.

அதோடு வண்டியின் பதிவு கோயம்புத்தூர். மாப்பிள்ளை வசிப்பது கேரளம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குக் கோயம்புத்தூரில் என்.ஓ.சி. என்ற ஆட்சேபமில்லாச் சான்று வாங்க வேண்டும், கேரளத்தில் வரி கட்ட வேண்டும், வண்டியை நேரில் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணைப் பென்சில் பிரின்ட் எடுக்கும்போது கதை முடிந்தது. கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தினமும் போய்வருகிறவர்களுக்கு மாநில எல்லை என்பது ஒரு டீக்கடை நிறுத்தம் மாதிரி. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அப்படி இல்லை. இன்சூரன்ஸ்காரர்களும் சும்மா இருக்கமாட்டார்கள்; விபத்து நடந்த பிறகு உள்ளே வேறு எஞ்சின் என்று தெரிந்தால், பணம் தராமலிருக்க அதுவே போதும்.

ஆகவே இந்த வண்டியின் மதிப்பு இசுசு எஞ்சினில் இல்லை. விற்பவர் வீட்டுக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடக்கிறதாகச் சொல்லும் பழைய எம்.ஜி. எஞ்சினில் இருக்கிறது. எம்.ஜி.பி.யில் எஞ்சின் எண் பிளாக்கின் பக்கவாட்டில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும், 18 என்று தொடங்கும். அந்தத் தகடு இருக்கிறதா, எண் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா, பிளாக்கில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். சேஸ் எண் ஜி.எச்.டி. என்று தொடங்கினால் பிறக்கும்போதே கூபே, ஜி.எச்.என். என்றால் அது திறந்த கூரை வண்டியின் எண், வேறெங்கோ ஒட்டு வேலை நடந்திருக்கிறது. நம் வண்டியில் ஜி.எச்.டி. இருக்கிறது.

2021-இல் வந்த விதிகளின்படி 50 வயது கடந்த வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். நிபந்தனை, பாடியிலோ சேஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 1969 வண்டிக்கு வயது இருக்கிறது, இசுசு எஞ்சினோடு தகுதி இல்லை. திருச்சூர் அசலுக்கு இரண்டும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: வி.ஏ. எண் வாங்கிவிட்டால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, அதற்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலம்புழா போகிற ஆசைக்கு அது இடம் தராது. சாதாரணப் பதிவிலேயே வைத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்து ஓட்டுவதுதான் மாப்பிள்ளைக்குச் சரிப்படும். திருச்சூர் வண்டியின் ஆர்.சி. புதுப்பிக்காமலே விட்டது; கையால் எழுதிய பழைய புத்தகம், கம்ப்யூட்டரிலேயே ஏறவில்லை. அதை உயிர்ப்பிப்பது எஞ்சினை உயிர்ப்பிப்பதைவிடக் கடினம்.

ஹெரால்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த வண்டி. ஆரம்பத்தில் 948 சி.சி. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உருவம். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக முழுசாய் சாயும், முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். தனிச் சேஸ் உண்டு, ஆகவே பாடியில் துரு வந்தாலும் தலை போகாது. 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். பொள்ளாச்சி மார்க்கெட் சந்துக்கு அதைவிட என்ன வேண்டும்? இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதே சேஸைக் குறுக்கிக் கட்டியதுதான், அதனால் உறவுமுறையில் நம் ஹெரால்டுக்கும் கொஞ்சம் ஸ்போர்ட்ஸ் ரத்தம் உண்டு. வளைவில் வேகமாகப் போனால் பின்சக்கரம் உள்ளே மடங்கும் குணமும் உண்டு, மலைப்பாதையில் அடக்கி ஓட்ட வேண்டும். பொள்ளாச்சி வண்டியின் காகிதம் சுத்தம், எண்கள் பொருந்துகின்றன. அறிவைக் கேட்டால் ஹெரால்டுதான். ஆனால் மாப்பிள்ளை கேட்டது கூபே. ஹெரால்டை வாங்கிக் கொடுத்தால் ஒரு வருடம் கழித்து அதை விற்றுவிட்டு மறுபடி எம்.ஜி. தேடுவார். வேண்டாதவரிடம் நல்ல வண்டி போய் என்ன பயன்?

என் முடிவு சிவப்பு வண்டிதான். அப்படியே ஓட்டுவதற்கு அல்ல. பழைய எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து வர வேண்டும், வந்ததும் முதல் வேலையாக அவற்றைச் சரிசெய்து உள்ளே போட வேண்டும். இசுசு எஞ்சினுக்கு கான்டெஸா பிரியர்கள் இருக்கிறார்கள், நல்ல விலைக்குப் போகும், எம்.ஜி. எஞ்சின் வேலைக்கு அந்தப் பணமே கணிசமாக உதவும். பூஸ்டர், ஃபேன், ஒற்றைப் பேட்டரி, ஷாக் அப்சார்பர் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது என் எண்ணம். சோதனையில் எதையாவது ஆட்சேபித்தால் போல்ட்டைக் கழற்றினால் தீர்ந்தது. ஏ.சி. போய்விடும். "அதுதானுங்க மாமா மனசுக்கு ஒப்பலை" என்றார். பாலக்காட்டு ஏப்ரலில் ஏ.சி. இல்லாமல் கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும் கூபேயில் உட்காருவது சுகமில்லை, ஒப்புக்கொள்கிறேன். மார்கழியில் ஓட்டட்டும்.

பழைய எஞ்சின் இல்லை, அல்லது எண் பொருந்தவில்லை என்றால் இந்த வண்டியை எந்த விலைக்கும் தொடக் கூடாது. அப்போது திருச்சூர் வண்டிக்குப் போகலாமா? கேட்கும் விலையில் பாதிக்கு இறங்கி, ஆர்.சி.யையும் அவர்களே புதுப்பித்துத் தந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் ஹெரால்டு, அல்லது சும்மா இருப்பது.

ஓட்டிப் பார்க்கும்போது காலையில் குளிர்ந்த நேரத்தில் ஓட்டக் கூடாது, மத்தியானம் ஏ.சி. போட்டுப் பொள்ளாச்சி வரை போய், கோபாலபுரத்தில் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது வெப்பமானி முள் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் போகப் போவதுதான், ஆனால் ரேடியேட்டரும் கிளட்சும் பிரேக்கும் இருக்கப் போகின்றன. பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் வாங்கிய வாரமே மாற்ற வேண்டும். இப்போது பங்க்கில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் எத்தனால் பழைய ரப்பரைச் சும்மா விடாது. ஹெரால்டு வாங்கினாலும் இதே கதைதான்.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருந்தேன். டோக்கன் கொடுக்குமுன் பழைய எஞ்சினின் எண் தகட்டை போட்டோ எடுத்து ஆர்.சி. நகலோடு ஒப்பிட வேண்டும். விற்பனை ஒப்பந்தத் தாளில் எஞ்சின், கியர்பாக்ஸ், இரட்டைக் கார்புரேட்டர், பழைய சக்கரங்கள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். மீதித் தொகை கோயம்புத்தூர் என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகு. விற்பவர் முதல் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டார். மூன்றாவதுக்கு வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.